ஒரு விரற்கடை மேலே

"இதுக்கு அந்தப் பக்கம் கரை தெரியுதே, மாமா?"

கேட்டவள் கவிஷா. என் மனைவியின் தம்பி மகள். கொழும்பில் பிறந்து, கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வளர்கிறவள். சித்திரை விடுமுறைக்குத் தன் அப்பாவோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். ஹல்துமுல்லைக்கு மேலே, தேயிலை மலையின் விளிம்பில் இருக்கிறது எங்கள் வீடு. அதன் பின்பக்கம், தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் நின்றுகொண்டு, தெற்கே வெகுதூரம் கீழே சமவெளியில் வெள்ளித் தட்டைக் கவிழ்த்ததுபோலக் கிடந்த பளபளப்பைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டாள்.

அதைக் கடல் என்று அவளுக்குச் சற்று முன்னால் காட்டியவள் என் மகள் தர்ஷினி. அவளுக்கும் கவிஷாவின் வயதுதான். தர்ஷினிக்கு அதைக் கடல் என்று காட்டியவன் நான். எனக்குக் காட்டியவர் என் அப்பா. அப்பாவுக்குக் காட்டியவர் யாரென்று தெரியவில்லை. தெரிந்தால் அவரிடம் சில கேள்விகள் இருக்கின்றன.

"கடலுக்கு ஒரு பக்கந்தான் மாமா கரை இருக்கும்" என்றாள் கவிஷா, மிகவும் பொறுமையாக. வகுப்பில் கடைசி வாங்குப் பையன்களிடம் நான் பேசும் குரல் அது.

தர்ஷினி என் பக்கம் திரும்பினாள். "அப்பா, சொல்லுங்கப்பா."

நான் தமிழ் ஆசிரியன். ஆழி, ஆர்கலி, முந்நீர், பௌவம், புணரி, பரவை என்று கடலின் பெயர்களை மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். இரண்டு கரை இருந்தால் என்ன பெயர் என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பெயர் இந்த வரிசையில் இல்லை என்பதுதான் சிக்கல்.

பெரகலையில் ஒரு கடற்கரை

இந்த அவமானம் எனக்கு வந்து சேர்ந்த வழி நேரானது. அன்று காலை நாங்கள் உண்மையான கடலுக்கே புறப்பட்டிருந்தோம்.

என் மனைவி செல்வி கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் "கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னேன். புது மாப்பிள்ளைகள் சொல்லும் வார்த்தைகளுக்குத் தவணை கிடையாது என்று நம்பியிருந்தேன். முதல் தடவை வழியில் மண்சரிவு. அடுத்த தடவை தர்ஷினிக்கு அம்மை. அதற்கடுத்து நான் மறந்தேன். செல்வி மறக்கவில்லை.

இந்த விடுமுறையில் எப்படியும் போய்விடுவது என்று திட்டம் போட்டேன். நாள் குறித்தேன். எலுமிச்சைச் சோறு கட்டினோம். தர்ஷினி மணல் வீடு கட்ட ஒரு சிவப்பு வாளியை எடுத்துக்கொண்டாள். ஐந்து பேரும் பெரகலைச் சந்தியில் போய் பஸ்ஸுக்கு நின்றோம்.

வருஷப் பிறப்புக்கு மறுநாள் அது. இலங்கையில் நடக்கப் பழகிய குழந்தைக்குக்கூடத் தெரியும், அந்த நாட்களில் பஸ் ஓடாது என்று. டிரைவரும் கண்டக்டரும் அவரவர் ஊரில் கொக்கிஸ் பலகாரம் தின்றுகொண்டிருப்பார்கள். நல்ல நாள், நல்ல நேரம் எல்லாம் பஞ்சாங்கத்தில் பார்த்த எனக்கு இது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

சந்தியில் திறந்திருந்த ஒரே கடையின் முதலாளி, ஒரு முஸ்லிம் நானா, எங்களையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர், கடலுக்கா?"

"ஆமா நானா."

"பெருநாளுக்கு நான் கடைய மூடுறேன், வருஷத்துக்கு அவங்க பஸ்ஸ மூடுறாங்க. இன்னிக்குக் கடலே எழும்பி இங்க வந்தாத்தான் உண்டு."

அவர் கொடுத்த வாங்கில் உட்கார்ந்து, கடற்கரையில் சாப்பிட வேண்டிய சோற்றைப் பெரகலைச் சந்தியில் சாப்பிட்டோம். அலைக்குப் பதிலாக எப்போதாவது ஒரு லொறி வந்து போனது. செல்வி சோறு கட்டிய தாளை நான்காக மடித்து வாளிக்குள் போட்டாள். அவள் அப்படி மடிக்கும் நாட்களை நான் நன்கு அறிவேன்.

வீடு திரும்பியதும் தர்ஷினிதான் எல்லோரையும் தேற்றினாள். "பரவால்ல, நம்ம வீட்டுலருந்தே கடல் தெரியுமே! கவி, வா காட்டுறேன்."

காட்டினாள். மீதியைச் சொல்லிவிட்டேன்.

வான்கதவு வைத்த கடல்

கவிஷாவின் அப்பா சந்திரன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் மேற்பார்வையாளன். எங்கள் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவன்தான். அவனும் சிறுவயதில் இதே பளபளப்பைக் கடல் என்று கும்பிட்டவன். ஆனால், புதுப் போன் வாங்கியவனுக்குப் பழைய விசுவாசங்கள் நிற்பதில்லை. வரைபடத்தைத் திறந்தான். நாங்கள் நின்ற இடத்திலிருந்து தெற்கே விரலை இழுத்தான். விரல் ஒரு நீலத் திட்டில் நின்றது.

"உடவளவை நீர்த்தேக்கம்" என்று வாசித்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மச்சான், ஒங்க கடலுக்கு வான்கதவு இருக்கு மச்சான்! மழை கூடினா தெறந்து விடுவாங்க!"

"சும்மா இருடா" என்றாள் செல்வி. ஆனால் அவள் உதடும் துடித்தது.

தர்ஷினி மட்டும் சிரிக்கவில்லை. உள்ளே போய்ப் புத்தகப் பையின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். பின்னாலேயே போனேன்.

"ஸ்கூல்ல டீச்சர் கேட்டாங்கப்பா, கடல் பாத்தவங்க யாருன்னு. நான் எழும்பி, எங்க வீட்டுலருந்து தெனமும் பாப்பேன்னு சொன்னேன். பிள்ளைங்க நம்பல. சத்தியம் பண்ணினேன். இப்ப லீவு முடிஞ்சு போயி நான் என்னா சொல்றது?"

அவளிடம் இன்னொரு கேள்வி இருந்தது.

"வேற எதெல்லாம்ப்பா இப்பிடிச் சொல்லிக் குடுத்தீங்க?"

தமிழில் எத்தனையோ கூர்மையான வாக்கியங்களைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஒன்றும் இவ்வளவு தூரம் உள்ளே இறங்கியதில்லை.

"கடல் தெரியும். மேல ஏறினா தெரியும்" என்றேன்.

எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றுவரை புரியவில்லை. சிறுவயதில் பெரியவர்கள் சிலர், "மழை கழுவின காலையில முனியாண்டிக் கல்லுலருந்து கப்பல்கூட தெரியும்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதே பெரியவர்கள்தான் குளத்தையும் கடல் என்றவர்கள். சாட்சிகளின் தரம் அப்படி.

கவிஷா ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறாள். அதற்குள் நான் ஒரு கடலைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

குடும்பத்தோடு விடுமுறை

இப்படியாக, விடுமுறையைப் பயனுள்ளதாகக் கழிப்பது எப்படி என்று நான் போட்டிருந்த திட்டமெல்லாம் கைவிடப்பட்டு, கடல் தேடுவதே எங்கள் குடும்பப் பொழுதுபோக்கு ஆயிற்று. (திட்டத்தில் 'மாலை: அனைவரும் சேர்ந்து நூல் வாசித்தல்' என்று ஓர் அம்சம் இருந்தது. அதற்கு யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.)

விடியலில் எழுந்து மலை ஏறினோம். தேயிலைக்கு நடுவே ஏறும் ஒற்றையடிப் பாதை, தண்ணீர்த் தொட்டி, அதற்கும் மேலே மானாப் புல், உச்சியில் முனியாண்டிக் கல். ஏறி நின்றால் பனிமூட்டம். நீட்டிய கை தெரியாது. அட்டைகளுக்கு மட்டும் எங்களை நன்றாகத் தெரிந்தது.

"மச்சான், இந்தப் பக்கம் அலைச் சத்தம் கேக்குது" என்பான் சந்திரன். திரும்பினால் அவன் வாயாலேயே சத்தம் கொடுத்துக்கொண்டிருப்பான்.

மறுநாள் மூட்டம் கொஞ்சம் விலகியது. எல்லோரும் கல்லின் ஓரத்தில் நின்று கீழே கீழே என்று தேடினோம். குளம் தெரிந்தது. அதைத் தவிர இன்னொரு சின்னக் குளமும் தெரிந்தது. தர்ஷினி முதல் ஆளாக இறங்கிப் போனாள்.

மதியமானால் இடி. சித்திரை மழைக்கு எங்கள் பக்கம் நேரம் தப்பாது. தகரக் கூரையில் மழை கொட்டும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் கத்த வேண்டும். ஆகவே வீட்டுக்குள் எல்லாமே கத்திக் கத்தித்தான். பாட்டுக்குப் பாட்டு வைத்தோம். நான் பாடிய பிறகு மழை கூடியதாகச் செல்வி சொன்னாள். போர்வைகளைக் கட்டிக் கூடாரம் போட்டார்கள் பிள்ளைகள். உள்ளே என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். வெளியே வர இரண்டு பேர் இழுக்க வேண்டியிருந்தது.

தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் அடுப்பிலிருந்து வந்துகொண்டேயிருந்தன. சம்பலின் உறைப்பில் கவிஷா கண்ணில் நீர் வழிய "இன்னொண்ணு அத்தை" என்பாள். அந்த நேரங்களில் இரண்டு பிள்ளைகளுக்கும் இடையில் கடலும் இல்லை, குளமும் இல்லை.

கடல் மாடி ஏறுகிறது

சனிக்கிழமை மழையில் கேரம் ஆடிக்கொண்டிருந்தோம். கவிஷா சிவப்புக் காயைக் குறிவைத்து, தாடையைப் பலகையின் விளிம்பில் வைத்துக்கொண்டு ஒரு கண்ணை மூடினாள்.

"இப்பிடிப் பாத்தா பலகை முழுக்க ஒரே கோடுதான், மாமா. எங்க மொட்டை மாடியிலருந்து பாக்கிற கடல் மாதிரி."

"மாடியிலருந்து பாத்தா கடல் கீழ தெரியுமே கவி" என்றேன், காயிலேயே கண்ணாக.

"இல்ல மாமா." அவள் நிமிர்ந்தாள். "கரைதான் கீழ தெரியும். கடல் முடியிற எடம் கீழ இருக்காது. நீங்க நாலாம் மாடிக்குப் போனா அதுவும் நாலாம் மாடிக்கு ஏறி வரும். நெத்திக்கு நேரா வந்து நிக்கும். பாத்ததே இல்லையா?"

நானும் கடலைப் பார்த்தவன்தான். பரீட்சை எழுதக் கொழும்புக்குப் போனபோதெல்லாம் கரையில் நின்று, காலை நனைத்து, கடலை வாங்கித் தின்றுவிட்டு வந்திருக்கிறேன். ஒரு நாளும் மாடியில் ஏறி நின்று அதைப் பார்த்ததில்லை.

மழைச் சத்தத்தில் அவள் சொன்னதை மறுபடியும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மலைக்காரனுக்குத் தண்ணீர் என்றால் கீழே. எங்கள் ஓடைகள் எல்லாம் கீழே போகின்றன. மழை கீழே போகிறது. சில வருஷங்களில் மலையே கீழே போகிறது. கடைசியில் எல்லாம் போய்ச் சேருகிற கடல் எவ்வளவு கீழே இருக்க வேண்டும்! அதனால்தான் எங்கள் சனம் முழுக்கத் தலை குனிந்து தேடியது; கீழே முதலில் எது மின்னியதோ அதற்குப் பெயர் வைத்துவிட்டது.

"தர்ஷி, நாளைக்குக் காலையில போறோம்" என்றேன்.

"நான் வரலப்பா."

"கடைசித் தடவ."

கவிஷா தர்ஷினியின் கையைக் கிள்ளினாள். "வா தர்ஷி. நானும் வாறேன்ல?"

முனியாண்டிக் கல்லில்

அன்று செல்வியும் வந்தாள். கடலுக்காக அல்ல, பிளேன்டீ பிளாஸ்க்கை என் கையில் நம்பிக் கொடுக்க முடியாது என்பதற்காக. "பிள்ளைக் காம்பராவுல நாப்பது கைப்பிள்ளைய மேய்ச்சிட்டு, லீவுலயும் அஞ்சு பிள்ளைய மேய்க்க வேண்டியிருக்கு" என்று முணுமுணுத்தபடி ஏறினாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை. ஐந்து பிள்ளைகளில் நானும் சந்திரனும் அடக்கம். ஐந்தாவது யாரென்று கேட்கவில்லை. என்னையே இரண்டாக எண்ணியிருப்பாள்.

இரவு முழுக்கப் பெய்து ஓய்ந்திருந்தது. கல்லில் ஏறியபோது மூட்டம் இல்லை. காற்றைக் கழுவிக் காயப் போட்டதுபோல் இருந்தது. கிழக்கே சூரியன் அப்போதுதான் தலையைக் காட்டியிருந்தான். மலை சரிந்து சரிந்து இறங்கி, காடாகி, வயலாகி, சமவெளியாகிப் பரந்து கிடந்தது. தூரத்தில் எங்கள் பழைய கடல், வான்கதவோடு, சாதுவாக மின்னிக்கொண்டிருந்தது.

"கீழ பாக்காதீங்க அத்தை. நேரா" என்றாள் கவிஷா.

நேரே ஒன்றும் இல்லை. நிலம் மங்கி முடிந்து வானம் தொடங்குகிற இடம், அவ்வளவுதான். நான் கையை நீட்டி, சுட்டுவிரலைக் கிடையாகப் பிடித்துக் குளத்தை மறைத்தேன். விரலுக்குச் சற்று மேலே பார்த்தேன்.

வானத்தின் அடிவிளிம்பு என்று நான் பிறந்தது முதல் நினைத்திருந்த இடத்தில் ஒரு கோடு இருந்தது. நகத்தின் நுனி வெள்ளை எவ்வளவு இருக்குமோ அவ்வளவு தடிமன். நிலத்தின் நீலம் வேறு, வானத்தின் நீலம் வேறு, இது இரண்டும் இல்லை. கிழக்கு ஓரத்தில் அது வெள்ளியாக எரிந்தது. அங்கிருந்து மேற்கே கண்ணை ஓட்டினேன். ஓட்டிக்கொண்டே போனேன். கழுத்து திரும்பியது, பிறகு தோள் திரும்பியது, பிறகு கால் திரும்பியது. கோடு முடியவில்லை. மேற்கே ஒரு மலை குறுக்கிட்டதால்தான் என் பார்வை நின்றது, அது நிற்கவில்லை.

"அந்தப் பக்கம் கரை இருக்கா?" என்று கேட்டாள் தர்ஷினி. குரல் கிசுகிசுப்பாக இருந்தது.

கவிஷா வெகுநேரம் பார்த்தாள்.

"இல்ல" என்றாள்.

சந்திரன் போனை எடுத்தான். அதில் பார்த்தான். பிறகு வெறும் கண்ணால் பார்த்தான். கேலி ஒன்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கல்லில் உட்கார்ந்தான்.

"வானமா இருந்தா?" என்றேன். விசுவாசம் ஒரு முறை உடைந்தவனுக்கு இரண்டாவது முறை எதுவும் சுலபமாக ஒட்டுவதில்லை. "மேகமா இருந்தா?"

செல்வி எங்களிடமிருந்து விலகி, கல்லில் முதுகைச் சாய்த்து அசையாமல் நின்றிருந்தாள். சரிவில் ஒரு சவுக்கு மரம் தனியாக உயர்ந்து, அதன் நுனி அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் பார்வை அங்கே இருந்தது.

"என்னாங்க, அங்க ஒரு எள்ளு மாதிரி இருக்கே, பாத்தீங்களா?"

வெள்ளி எரிந்த பக்கத்தில், மரநுனிக்குக் கொஞ்சம் இடப்புறம், கோட்டின் மேல் ஒரு கறுப்புப் புள்ளி. தூசாக இருக்கும் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். புள்ளி இருந்தது.

"அது தூசில்ல. கொஞ்சம் பேசாம நில்லுங்க" என்றாள்.

தவழத் தொடங்கிய குழந்தை பாயின் விளிம்புக்கு எப்போது வரும் என்று கண் கொட்டாமல் பார்ப்பது அவளுடைய அன்றாடத் தொழில். அந்தப் பார்வையோடு நின்றாள். நாங்களும் நின்றோம். பிளாஸ்க்கை யாரும் திறக்கவில்லை. கீழே எங்கோ ஒரு சேவல் கூவியது. கோயில் மணி ஒன்று கேட்டது.

புள்ளி மரத்தின் நுனியில் மறைந்தது.

பிறகு மரத்தின் வலப்புறம் வந்தது.

"நகருதுங்க" என்றாள் செல்வி.

வானத்துக்கும் பூமிக்கும் நடுவில், எங்கள் கண்ணுக்கு நேரே, ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதில் மனிதர்கள் இருப்பார்கள். அவர்களும் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருக்கலாம். ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு எதையோ ஏற்றிக்கொண்டு, எங்கள் சவுக்கு மரத்தைத் தாண்டிப் போகிறார்கள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்படிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நான் அதற்கு ஒரு விரற்கடை கீழே குனிந்து, ஒரு குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை பெயர் தெரியும் எனக்கு! ஒன்றும் வாயில் வரவில்லை.

கவிஷா தர்ஷினியின் தோளில் கை போட்டாள். "எங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிறது இதுல ஒரு துண்டுதான் தர்ஷி. இவ்வளவு நீளம்னு எனக்குத் தெரியாது."

"நான் பொய் சொல்லலதானே?"

"நீ காட்டின எடந்தான் பிழை."

தர்ஷினி அதை யோசித்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "ஸ்கூல்ல அப்பிடியே சொல்லிர்றேன்ப்பா. நான் மொதல்ல காட்டினது கொளம்னு. கடல் அதுக்கு மேலன்னு." கொஞ்சம் நிறுத்தி, "ஒங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் எழும்பியது. முதலில் குளத்தை மூடியது. பிறகு கோட்டை இடமிருந்து வலமாக, யாரோ அழிறப்பரால் அழிப்பதுபோல் அழித்தது. எல்லாம் வெள்ளையான பிறகும் நாங்கள் இறங்கவில்லை.

"இத்தன நாளும்" என்றாள் செல்வி மெதுவாக, "பைப்படியில நான் சட்டி கழுவுறப்ப எல்லாம் அது நம்மள பாத்துக்கிட்டேல்ல இருந்திருக்கு."

அன்று மதியம் சந்திரனும் கவிஷாவும் புறப்பட்டார்கள். பஸ்கள் ஓடத் தொடங்கியிருந்தன. இனிக் கடலுக்குப் போவதற்கு எனக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. அடுத்த விடுமுறைக்குச் சிவப்பு வாளி கதவுக்குப் பின்னால் தயாராகத் தொங்குகிறது.

மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது, செல்வி அடுக்களை வாசலில் சட்டிகளோடு நின்றிருந்தாள். வெளியே முழு மூட்டம், பைப்பே தெரியவில்லை. அவள் சட்டிகளைக் கீழே வைத்தாள். கலைந்த தலையைக் கையால் ஒதுக்கினாள். முந்தானையைச் சரிசெய்தாள். பிறகுதான் வெளியே போனாள்.